நூல் மாறினால் நோக்கும் மாறும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் சேர்வராயன் கோயிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். தமிழ் வாசிப்பின் வரலாற்றிலும் இம்மலைக்கு ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. பீட்டர் பெர்சிவல் என்னும் ஆங்கிலேயர் 1882ஆம் ஆண்டில் இவ்வூரில்தான் காலமானார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தியவர். ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவர் எச்சமயத்தைப் பரப்ப வந்தார் என்பது ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று. அவர் கைப்பட்டு வெளிவந்தவை ஒன்றுக்கொன்று ஒவ்வாத மூன்று வகை நூல்கள் என்பதும், அம்மூன்றையும் ஒரே விதமாக எவரும் படித்துவிட முடியாது என்பதுமே இங்குக் கருதத் தக்கன.

முதலாவது பழமொழித் தொகுதி. 1842இல் யாழ்ப்பாணத்தில் முதலில் அச்சேறி, 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகளாக வளர்ந்தது. இதனை முதற்பக்கத்தில் தொடங்கி இறுதிப்பக்கம் வரை ஒருவர் படிக்க முயன்றால், அன்று மாலைக்குள் களைத்துவிடுவார். மறுநாள் பத்துப் பழமொழிகளும் அவர் நினைவில் நில்லா. மேலும், பொறுமையைப் போற்றும் பழமொழி ஒரு பக்கத்திலும் காலம் தாழ்த்துவோனை எள்ளும் பழமொழி இன்னொரு பக்கத்திலும் கிடக்கும். தொடர்ந்து படிப்போனுக்கு இது முரணாகத் தோன்றும். பழமொழி என்பது எவர் எவருக்கு எவ்வேளையில் சொன்னார் என்பதில் உயிர் வாழ்வது. மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்லுங்கால் ஒரு பொருள். அதே பழமொழியை மருமகள் கிணற்றடியில் தோழியிடம் சொல்லுங்கால் வேறு பொருள். அவ்விடத்தையும் வேளையையும் அச்சிட்ட தாள் தாராது. படிப்பவரே தம் வாழ்விலிருந்து கொண்டுவந்து சேர்த்தல் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு நான்கைந்தே போதும்.

இரண்டாவது, 1855இல் அவர் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் வார இதழ். செய்தியைப் படிப்போன் முதலில் நாளைப் பார்க்கிறான். பிறகு எங்கிருந்து வந்த செய்தி என்று பார்க்கிறான். தனக்கு வேண்டாததைத் தாண்டிச் செல்கிறான். பாட்டை இராகத்தோடு ஓதியே பழகிய ஒரு சமுதாயத்திற்கு இது புதிய பழக்கமாகவே இருந்திருக்கும். மூன்றாவது, மறைநூல் மொழிபெயர்ப்பு. அங்கே ஒரு சொல்லைத் தாண்டிச் செல்லவும் இயலாது. ஒரு சொல்லுக்கு ஈடாக எச்சொல்லை வைப்பது என்று நாட்கணக்கில் எண்ணி எண்ணிப் படிக்க வேண்டும். நாவலர் போன்ற ஒரு சைவர் கிறித்தவ மறையை அவ்வளவு நுணுக்கமாகப் படிக்க நேர்ந்தது அப்பணியினால்தான். மாற்றுச் சமய நூலைத் தன் சமயக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கும் திறம் எளிதில் வாய்ப்பதன்று.

தினவர்த்தமானியின் ஆசிரியப் பணிக்குப் பெர்சிவல் தேடி அழைத்த இளைஞரே சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர், யாழ்ப்பாணத்துச் சைவர். அவரே பின்னாளில், 1889இல், தோலாமொழித்தேவர் இயற்றிய சூளாமணியை ஏட்டிலிருந்து எடுத்து அச்சேற்றினார். ஏற்காட்டில் உயிர்நீத்த ஒரு பாதிரியாரின் இதழ் அலுவலகத்தில் பயின்ற ஒரு சைவர், ஓர் ஆருகதக் காப்பியத்தை உலகுக்கு மீட்டளித்தார். இன்று சூளாமணியை அச்சுநூலாக வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் இத்தொடர்பை அறிந்திருப்பது நலம்.

ஏட்டிலிருந்து எடுத்து என்று சொல்லிவிடுதல் எளிது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ‘கல’ என்று எழுதியிருப்பது ‘கல’வாகவும் இருக்கலாம், ‘கல்’லாகவும் இருக்கலாம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே உருவம். ஆகவே ஒரே எழுத்துக் கோவையைக் ‘கொடு’ என்றும் ‘கோடு’ என்றும் ‘கெரடு’ என்றும் படிக்க இடமுண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. அடிக்கும் அடிக்கும் பிரிவு இல்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடமும் பல ஏடுகளில் தெளிவாக இராது. இத்தகைய ஏட்டை வாய்திறவாமல் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. வாய்விட்டு ஓசையோடு ஓத வேண்டும். சீர் எங்கே நிரம்புகிறது என்பதைச் செவி சொல்லும்; எதுகை வந்து அடி மாறியதைக் காட்டும்; ஓசை தட்டினால் எழுத்தைத் தவறாகக் கொண்டோம் என்பது விளங்கும். முன்னோர் பாட்டை இராகத்தோடு ஓதியது இன்பத்துக்காக மட்டும் அன்று. கண்ணின் பிழையைச் செவி திருத்துவதற்காகவும் ஆகும்.

இதே முறையை ஸ்ரீபுராணத்தின்பால் செலுத்தினால் பயனில்லை. அது மணிப்பிரவாள உரைநடை. எதுகையும் இல்லை, சீரும் இல்லை. அங்கே துணை செய்வது கிரந்த எழுத்துப் பயிற்சியும், தீர்த்தங்கரர் வரலாற்றை முன்னரே கேட்டிருத்தலும். பெயர்களை அறிந்தவனுக்கு வாக்கியம் தானே பிரிந்து நிற்கும். அறியாதவனுக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒரே சொல்லாகத் தோன்றும். ஒரே சமயத்தைச் சேர்ந்த, ஒரே வீட்டுப் பெட்டியில் இருக்கும் இரண்டு சுவடிகளுக்குள்ளேயே வாசிப்பு இவ்வாறு வேறுபடுகிறது.

இம்மலையடிவாரத்து ஊராகிய சேலத்தோடு தொடர்புடைய இன்னொரு வாசிப்பு உண்டு. அது தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலமுறை கேட்டது. எனினும் அதன் ஒரு பாதி அடிக்கடி சொல்லாமல் விடப்படுகிறது.

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று ஒரு நீண்ட வரிசையை ஒப்பித்தார். முதலியார் வியக்கவில்லை. பழைய நூல்கள் ஏதேனும் படித்ததுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணியின் பெயரைச் சொன்னார். பெயரளவில் கேட்டிருந்தாரேயன்றி ஐயர் அதனைப் படித்ததில்லை. பின்னர் முதலியார் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்து, இருவருமாகப் படிக்கலாம் என்றார்.

ஐயரின் பயிற்சி குறைவானதன்று. யமகமும் திரிபும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிலேடையைக் கண்டவுடன் இருபொருளையும் பிரித்துக் காட்டுவார். அவ்வளவு இருந்தும் சிந்தாமணி அவருக்கு வழிவிடவில்லை. சொற்கள் விளங்கின, சில இடங்களில் கருத்து விளங்கவில்லை. கதையை ஒருவாறு பின்பற்றலாம்; ஆனால் துறவும் கருமமும் உயிரின் கதியும் பேசப்படும் இடங்களில் சைவப் புராண வாசிப்பு கைகொடுக்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை உடன் இருந்தது; அவ்வுரையே பல இடங்களில் இன்னொரு புதிராயிற்று. ஒரு பாட்டிலுள்ள சொல்லைச் சில பாட்டுகளுக்கு அப்பாலுள்ள சொல்லோடு கூட்டிப் பொருள் கொள்வது அவர் வழக்கம். அன்றியும் மேற்கோள்களைக் காட்டும்போது நூற்பெயரைச் சொல்லாமலே செல்வார். மூலத்தைப் படிப்பது ஒரு திறம். உரையைப் படிப்பது மற்றொரு திறம் என்பதை ஐயர் அங்கே கண்டார்.

பின்னர்க் கும்பகோணத்துச் சமணர்கள் அறிமுகமானார்கள். சந்திரநாத செட்டியார் அவர்களுள் முதன்மையானவர். ஐயர் கொண்டுசென்ற ஐயங்களுக்கு அவர்கள் தயங்காமல் விடை கூறினார்கள். ஒரு நாள் ஒரு சமண வீட்டுக்குச் சென்றபோது வாசலில் தோரணமும் கோலமும் கண்டு, என்ன விசேஷம் என்று வினவினார் ஐயர். பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாயிற்று என்றார்கள். தமிழ்ப் புலவர் பலர் பெயரளவில் அறிந்த ஒரு நூல், கல்லூரித் தமிழாசிரியரே பார்த்திராத ஒரு நூல், சில தெருக்களுக்கு அப்பால் ஒரு வீட்டில் பண்டிகையாகப் படித்து முடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இவ்வளவும் எல்லாரும் பெருமையோடு சொல்வது. பெருமைக்கு உரியதே. 3,145 பாடல்களும் பதின்மூன்று இலம்பகங்களும் கொண்ட பெருங்காப்பியம் நூற்றாண்டுகளைக் கடந்து உயிரோடிருந்தது, வீடுகளில் ஓதக் கேட்டவர்களால்தான். ஒருவர் ஓத, மற்றொருவர் பொருள் சொல்ல, முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் கேட்டார்கள். அது கூடி வாசிக்கும் வாசிப்பு. அதற்கென்று ஒரு காலம், ஒரு தொடக்கம், ஒரு பூர்த்தி உண்டு. விளங்காத இடத்தில் நின்று கேட்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பார். வீட்டில் அன்றாடம் வழங்கும் விரதங்களும் சொற்களும் நூலிலுள்ள சொற்களுக்கு உரையாக அமையும். இந்த உரை எந்த ஏட்டிலும் எழுதப்படாதது. ஐயர் அங்கே பெற்றது அதுவே.

சொல்லாமல் விடப்படும் மறுபாதி இது. வீட்டில் ஓதியவர்களுக்குத் தங்கள் ஏட்டின் பாடம் ஒன்றே பாடம். இன்னோர் ஊர் ஏட்டில் அவ்விடத்தில் வேறு சொல் இருக்கக்கூடும் என்ற எண்ணத்திற்கு அவ்வாசிப்பில் இடமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. பூசைக்குரிய நூலில் திருத்தம் தேடுவோர் யார்? ஐயரோ பல ஊர்களிலிருந்து பிரதிகளை வருவித்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களைக் குறித்து, உரையில் வந்த மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடினார். அத்தேடலே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. ஒப்பிட்டுப் படிக்கும் வாசிப்பு இல்லாதிருந்தால், கேட்டுப் படிக்கும் வாசிப்பு அக்குடும்பங்களோடு மங்கியிருக்கும். கேட்டுப் படிக்கும் வாசிப்பு இல்லாதிருந்தால், ஒப்பிட்டவர் பொருள் தெரியாத நூலையே அச்சிட்டிருப்பார். சமணர் கற்பித்தார், ஐயர் அச்சிட்டார் என்று மட்டும் சொல்லி முடித்தால் இரு தரப்பாருக்கும் அது குறைவே.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், பிறகு ஆருகத நூல்களைப் பயின்று மீண்டும் எழுதினார் என்றும் கூறுவர். உண்மையோ கதையோ, பிற சமயத்தவர் ஒருவர் அக்காப்பியத்தைப் படிக்க என்ன வேண்டும் என்று தமிழ் உலகம் கருதியதை அது காட்டுகிறது.

கேட்டுப் படித்தலின் அளவையும் ஒரு சமணப் புலவரே கணக்கிட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கு என்பது நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கருத்து. தனியே அமர்ந்து நான்கு முறை படித்தும் விளங்காத பாடத்தைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது விளங்கிக்கொண்ட பிள்ளைகள் இந்த அவையிலும் இருப்பார்கள்.

நூல்கள் பலவகை, அவற்றை அணுகும் முறையும் பலவகை என்பது ஆருகத மரபுக்குப் புதிதன்று. பிரதமானுயோகம், கரணானுயோகம், சரணானுயோகம், திரவியானுயோகம் என நூற்பொருளை நான்காகப் பிரித்தனர். இப்பிரிவை நூற்பட்டியல் போல ஒப்பிப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். உண்மையில் அது எந்நூலை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டியும் ஆகும்.

முதல்வகை, சான்றோர் வரலாறுகள். மேருமந்தர புராணத்தை எடுத்துக்கொண்டால், விமலநாதரின் கணதரர்களாகிய மேரு, மந்தரர் என்போரின் பிறவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அரசனாய் இருந்தவன் யானையாகிறான்; பாம்பாகிறான்; தேவனாகிறான். வருணனைகளில் தங்கித் தங்கிப் படிப்போன் யார் யாராகப் பிறந்தார் என்பதை மறந்துபோவான். ஒரு தாளில் பிறவி வரிசையைக் கோடிட்டு எழுதி வைத்துக்கொண்டு, முதன்முறை விரைந்து படித்து முடித்தல் வேண்டும். வருணனையின் சுவை இரண்டாம் முறைக்கு. கரணானுயோக நூலாகிய கோமடசாரத்தை அவ்வாறு விரைந்து படிக்கவே முடியாது. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய அந்நூல் உயிர்வகைகளையும் குணஸ்தானங்களையும் கருமப் பிரிவுகளையும் எண்ணிக்கையோடு சொல்வது. கணக்குப் புத்தகத்தைப் போலத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அட்டவணை இட்டுப் படிப்பவருக்கே அது பேசும். சரணானுயோகத்தைச் சேர்ந்த அருங்கலச்செப்போ சிறு சிறு குறள் வெண்பாக்களால் ஆனது. ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம், முடித்தால் வீண். ஒன்றைக் காலையில் படித்து, அன்று பகலில் அது தன் நடையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே அந்நூலுக்குரிய வாசிப்பு.

நான்காவது வகையில்தான் இடர் மிகுதி. பொன்னூர் மலையோடு தமிழ்ச் சமண மரபு தொடர்புபடுத்திப் போற்றும் குந்தகுந்தரின் சமயசாரம், நிச்சய நயத்தில் ஒன்றையும் விவகார நயத்தில் ஒன்றையும் சொல்லிச் செல்கிறது. தூய உயிர் கருமத்தால் கட்டப்படுவதன்று என்று நிச்சய நயத்தில் நின்று சொல்லும் இடத்தை, நடைமுறை விதியாக ஒருவர் எடுத்துக்கொண்டால், விரதமும் ஒழுக்கமும் வேண்டா என்ற முடிவுக்கு வந்துவிடுவார். நூல் சொல்லாததை நூலின் பெயரால் சொல்லும் நிலை அது. ஒவ்வொரு வாக்கியத்திலும் இது எந்த நயத்தில் நின்று பேசப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இவ்வகைப் பிழை கற்றவரிடத்தேதான் மிகுதி. கல்லாதவர் அந்நூலின் பக்கம் போவதில்லை.

நீலகேசி இன்னும் நுட்பமானது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமயதிவாகர உரையோடு பதிப்பித்த அந்நூல், முழுவதும் வாதம். புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் முதலியோர் தத்தம் கொள்கையை எடுத்துரைப்பர், நீலகேசி மறுப்பாள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஓர் அழகிய பாட்டை எடுத்து, இது சமணக் கொள்கை என்று மேடையில் முழங்கினால், அது எதிராளியின் கொள்கையாக இருந்துவிடக் கூடும். வாத நூலில் பேசுபவர் யார் என்பதே முதற்கேள்வி. அன்றியும், மறுக்கப்பட்டவரின் குரலையும் அந்நூல் காத்துவைத்திருக்கிறது. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியம் அழிந்துபோயிற்று. அதன் பாடல்கள் சிலவற்றை இன்று அறிய முடிவது, மறுப்பதற்காக நீலகேசி உரையில் எடுத்துக்காட்டியதால்தான்.

எழுத்தெண்ணிப் படிக்க வேண்டிய இடமும் உண்டு. தரசேனாசாரியர் தம்மிடம் ஆகமம் கேட்க வந்த புஷ்பதந்தர், பூதபலி என்னும் இருவருக்கும் முதலில் தனித்தனியே ஒரு மந்திரம் கொடுத்தார் என்பது தவளா உரை வழி வரும் வரலாறு. ஒருவருக்குக் கொடுத்ததில் ஓரெழுத்து மிகை. மற்றவருக்குக் கொடுத்ததில் ஓரெழுத்து குறை. ஓதியபோது ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும் மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதைக்கு ஊனம் இராது, எழுத்தில்தான் ஊனம் என்று இருவரும் தாமே உணர்ந்து, மந்திரத்தைத் திருத்தி ஓதினார்கள். அதன் பிறகே ஆசாரியர் பாடம் தொடங்கினார். கொடுத்தவர் குருவே ஆயினும் பிரதியைச் சோதித்துப் படிப்பவனே மாணவன் என்பது அவர் வைத்த தேர்வு. புராணத்தில் ஓரெழுத்து பிழைத்தால் கதை பிழைக்காது. மந்திரத்திலும் சூத்திரத்திலும் பிழைக்கும்.

கல்வெட்டுக்கு வருவோம். போளூரை அடுத்த திருமலைக்குச் செல்லாத தமிழ்ச் சமணக் குடும்பம் இராது. அங்குள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு வரலாற்று நூல்களில் புகழ்பெற்றது. கங்கை வரையிலும் அவன் படை வென்ற நாடுகளை மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் அப்பகுதியை வரிவரியாக ஆராய்ந்துள்ளனர். பலர் அதனோடு நிறுத்திவிடுகின்றனர். கல்லை வெட்டியதன் நோக்கம் அதற்குப் பின்னரே வருகிறது. சாமுண்டப்பை என்னும் ஒரு வணிகர் மனைவி, திருமலையில் குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரியப் பொருள் கொடுத்தாள் என்பதே செய்தி. மெய்க்கீர்த்தி அரசனுடைய புகழ். அதே காலத்துக் கல்வெட்டு வேறெங்கே இருந்தாலும் அது ஏறத்தாழ அவ்வாறே இருக்கும். அதில் புகழ்ச்சிக்கு உரிய கழிவைக் கழித்துப் படிக்க வேண்டும். கொடைப்பகுதி அப்படியன்று. அங்குள்ள பெயர், ஊர், காசு ஒவ்வொன்றும் பின்னால் வழக்கு வந்தால் நிற்க வேண்டியவை. ஆகவே கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ இடமில்லை. ஒரே கல்லில் மேற்பாதியை ஒரு மனத்தோடும் கீழ்ப்பாதியை வேறு மனத்தோடும் படிக்க நேர்கிறது. கோயில் நிலப் பத்திரங்களைப் படிக்கும் அறங்காவலர்களுக்கு இது பழகிய உண்மை: முன்னுரை வாசகத்தை விட்டுவிட்டு, சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் அல்லவா முதலில் பார்க்கிறார்கள்!

மீண்டும் ஏற்காடு. பெர்சிவலின் மகளை மணந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் துறையில் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் இம்மலையிலேயே வாழ்ந்தவர். இவ்வூர்த் தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவிடம் உண்டு. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் சரளைக் குழியருகே ஒரு கல்லை எடுத்து, இது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டவர் அவரே. அக்குழியில் மண் வெட்டியோர் எத்தனையோ பேர் அத்தகைய கற்களை எறிந்திருப்பார்கள். செதில் எடுத்த வடு எத்திசையில் செல்கிறது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மட்டும் அது எழுத்தாயிற்று. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் மரத்தடிப் பிள்ளையார் அருகே வைத்து வழிபடப்பட்டன. வழிபட்ட மலையாளி மக்கள் அவற்றைச் சிதைக்கவில்லை, தெருவில் எறியவில்லை, அவர்கள் காத்ததனால்தான் ஃபூட்டுக்குப் படிக்கக் கிடைத்தன. ஆயினும் அவை கருவிகள் என்பது வழிபாட்டினால் தெரிந்துவிடவில்லை.

இதே நிலை மூடபித்ரியில் இருந்தது. புஷ்பதந்தரும் பூதபலியும் எழுதிவைத்த ஷட்கண்டாகமத்தின் ஏடுகள் பழங்கன்னட எழுத்தில் அங்குள்ள பசதியில் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டன. யாத்திரிகர்கள் அவற்றைத் தரிசித்தார்கள், படிக்கவில்லை. ஏடுகள் பொடியத் தொடங்கியபின்னரே படியெடுக்கும் பணி தொடங்கி, பல்லாண்டு தடைகளுக்குப் பின், பேராசிரியர் ஹீராலால் ஜெயின் பதிப்பில் 1939இல் முதல் தொகுதி வெளிவந்தது. காலம் இன்னும் சிறிது தாழ்ந்திருந்தால் தரிசனத்திற்கும் எதுவும் மிஞ்சியிராது.

சுருதபஞ்சமி நாளில் பட்டு விரித்து, மஞ்சள் குங்குமம் இட்டு வைக்கப்படும் சுவடிக் கட்டுகள் தமிழ்ச் சமண வீடுகள் சிலவற்றில் இன்றும் உள்ளன. அவற்றை ஓதக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் எண்பது அகவையைக் கடந்துவிட்டனர். கட்டு சிந்தாமணியா, ஸ்ரீபுராணமா, சோதிடமா, வைத்தியமா, நிலக்கணக்கா என்பதே தெரியாத வீடுகளும் உண்டு. மஞ்சள் குங்குமத்தைக் கட்டின் மேலுறையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏட்டின்மேல் பட்டால் எழுத்தை மறைக்கும். ஒடியும் ஏட்டை வெறுங்கையால் பிரித்தலும் ஆகாது. எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிப் பதப்படுத்தத் தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும். வீட்டில் எண்பது வயதுப் பாட்டனார் இருந்தால், பிரிக்கும்போது அவரையும் அருகில் அமர்த்திக்கொள்வது இன்றியமையாதது. எழுத்து புரியாத இடத்தில் அவர் காதில் நின்ற ஓசை வழிகாட்டக்கூடும்.

சுவடியை முதல் ஏட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அச்சுநூலில் பெயரும் ஆண்டும் முகப்பில் இருக்கும். சுவடியில் அவை பெரும்பாலும் இறுதியில் இருக்கும். கடைசி ஏட்டை எடுத்துப் பார்த்தால், இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாளில், இன்ன ஊரில் இருக்கும் இன்னாருக்காக இன்னார் எழுதி முடித்தார் என்று பல சுவடிகளில் ஒரு குறிப்புக் காணலாம். ஆண்டு பிரபவ முதலிய அறுபதில் ஒன்றாகவே இருக்கும். ஆதலால் அது எந்தச் சுற்று என்பதைக் குடும்பத்தின் தலைமுறைக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இன்னாருக்காக என்ற இடத்தில் உள்ள பெயர், அவ்வீட்டாரின் கொள்ளுப்பாட்டனார் பெயராகவும் இருக்கலாம்.